மோட்டார்க் கிளைடரின் வரலாறு

வானத்தில் வட்டமிடும் பருந்தைக் கண்டிராதவர் எவருமிலர். விரித்த சிறகை ஒருமுறையேனும் அடியாமல், அது நெடுநேரம் மேலேயே நின்றுவிடுகின்றது. வெய்யிலிற் காய்ந்த நிலத்திலிருந்து எழுகின்ற வெப்பக் காற்றே அதனைத் தாங்குகின்றது. அப்பருந்தைப் போல, இயந்திரத்தின் துணையின்றிக் காற்றின் வலிமையாலேயே பறப்பதற்கென மனிதன் ஆக்கிக்கொண்ட ஊர்தியே கிளைடர். நீண்டு மெலிந்த இறக்கைகளும், ஒடுங்கிய உடலும், ஒருவரோ இருவரோ அமரக்கூடிய இருக்கையும் உடையது அது.

இயந்திரமின்மையையே இலக்கணமாகக் கொண்ட இவ்வூர்திக்கு ஓர் இயந்திரத்தைப் பூட்டிவிட்டால், அஃது என்ன பெயர் பெறும்? பாய் விரித்தோடும் வள்ளமொன்றின் பின்புறத்திலே சிறிய மோட்டாரைப் பொருத்திவிட்டால், அது பாய்வள்ளமா, மோட்டார்ப் படகா? கரையில் நிற்போருக்கு இது வெறுஞ் சொல்வழக்காகத் தோன்றலாம். விமான விதிகளை வகுப்போருக்கோ இஃது உயிரோடு தொடர்புடைய வினா. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்துள்ள பொதுவிதியின்படி, கிளைடர் செலுத்தும் அனுமதிப்பத்திரத்தைப் பதினாறு வயதில் பெறலாம். குறைந்தது 6 மணிநேரம் பறந்திருந்தாற் போதும். சாதாரண விமானத்தைச் செலுத்துவதற்கோ பதினேழு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 40 மணிநேரம் பறந்திருத்தலும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கின்ற மோட்டார்க் கிளைடரை எப்பக்கத்திற் சேர்ப்பது? இவ்வினாவுக்கு விடைகாண உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. அவ்வுழைப்பின் வரலாறே இங்கு கூறப்படுவது.

முதலிற் பிறந்தது கிளைடரே. இயந்திரம் பின்னர் வந்தது. ஜேர்மனிய நாட்டவராகிய ஒட்டோ லிலியந்தால், 1891ஆம் ஆண்டு தொடக்கம் குன்றுகளிலிருந்து இறக்கை கட்டிப் பாய்ந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் தடவை காற்றிலே சறுக்கினார். 1896ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அவர் கீழே விழுந்து காயமுற்று, மறுநாள் உயிர் நீத்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர்கள் அமெரிக்கராகிய றைட் சகோதரர். 1900, 1901, 1902 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர்கள் செய்தவை கிளைடர்களே. காற்றிலே ஊர்தியை அடக்கியாளும் வித்தையை அவற்றிற் பழகித் தேர்ந்த பின்னரே, 1903ஆம் ஆண்டிலே இயந்திரத்தைப் பூட்டினர். அவ்வாண்டு டிசெம்பர் 17ஆம் நாள், 12 விநாடி நேரம் பறந்த உலகின் முதல் விமானமும், ஒரு வகையில் நோக்கினால், மோட்டார் பூண்ட கிளைடரேயாம்.

அதன்பின் இரண்டின் வழிகளும் பிரிந்தன. இயந்திரம் ஆண்டுக்காண்டு வலுப்பெற்றது. வலுவான இயந்திரம் இழுத்துச் செல்லுமாயின் இறக்கை நீளமாக இருத்தல் வேண்டாம். காற்றின் போக்கை விமானி நுட்பமாக அறிதலும் வேண்டாம். 1911ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24ஆம் நாள் ஓர்வில் றைட் மீண்டும் கிளைடரில் ஏறி, இயந்திரமின்றி 9 நிமிடம் 45 விநாடி காற்றிலே நின்றார். ஆயினும் உலகம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. பத்தாண்டுக் காலம் அச்சாதனையை முறியடிப்பார் எவரும் தோன்றவில்லை.

கிளைடருக்கு மறுவாழ்வு தந்தது ஒரு தடையுத்தரவு என்பது வியப்புக்குரியது. முதலாம் உலகப் போரிலே தோல்வியுற்ற ஜேர்மனி, 1919ஆம் ஆண்டில் வெர்சேய் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டது. அவ்வுடன்படிக்கை ஜேர்மனி விமானப்படை வைத்திருத்தலை விலக்கியது. விமானங்களையும் அவற்றின் இயந்திரங்களையும் உற்பத்தி செய்வதையும் சிலகாலம் தடுத்தது. தடை தளர்ந்த 1922ஆம் ஆண்டிற்கூட, விமானம் எவ்வளவு வேகம் செல்லலாம், எவ்வளவு உயரம் ஏறலாம், எவ்வளவு பாரம் தாங்கலாம் என்பனவற்றுக்கெல்லாம் வெற்றிபெற்ற நாடுகள் எல்லை வகுத்தன. இயந்திரத்துக்கு விலங்கு பூட்டப்பட்டது. காற்றுக்கு விலங்கு பூட்டுவார் யார்?

விமானத்துறைச் சஞ்சிகையொன்றின் ஆசிரியராகிய ஒஸ்கார் உர்சீனுஸ் என்பார், இயந்திரமில்லாத விமானங்களுக்கெனப் போட்டியொன்றை 1920ஆம் ஆண்டு கோடையிலே கூட்டினார். றோன் மலைத்தொடரில் 950 மீற்றர் உயரமுள்ள வாசர்க்குப்பே என்னும் மொட்டை மலையே அதன் களம். போரிலிருந்து மீண்ட விமானிகளும், கையிற் காசில்லாத பல்கலைக்கழக மாணவரும் தாமே செய்த ஊர்திகளோடு அங்கு சென்றனர். அவ்வாண்டின் மிகச் சிறந்த பறப்பு, வொல்வ்காங் கிளெம்பெரர் என்பவர் இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் 1,830 மீற்றர் தூரம் சென்றதே. ஆயின் இரண்டே ஆண்டுகளில் நிலைமை முற்றாக மாறியது. 1922ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், ஹனோவர் மாணவர் ஆக்கிய வம்பீர் என்னும் கிளைடரில் மார்ட்டென்ஸ் என்பவர் ஒரு மணிநேரத்துக்கு மேல் பறந்தார். சில நாட்களுள் ஹென்ற்சென் என்பவர் அதே ஊர்தியில் மூன்று மணிநேரத்தைக் கடந்தார். மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றே அவர்களைத் தாங்கி நின்றது.

அம்மலையிலே வளர்ந்த இயக்கத்திலிருந்து பிறந்த இன்னொன்றும் கருதத்தக்கது. கிளைடர் பழகுவோரின் திறமையை அளப்பதற்கு ‘ஏ’, ‘பீ’, ‘சீ’ என மூன்று படிகள் வகுக்கப்பட்டன. முப்பது விநாடி நேராகப் பறந்து ஒழுங்காக இறங்கியவனுக்கு ‘ஏ’ சின்னம். வலமும் இடமும் வளைந்து பறந்தவனுக்கு ‘பீ’ சின்னம். புறப்பட்ட இடத்தின் மட்டத்துக்கு மேலே ஐந்து நிமிடம் நின்றவனுக்கு ‘சீ’ சின்னம். நீல நிறத்தின்மேல் வெண்மையான கடற்பறவை ஒன்று, இரண்டு, மூன்று எனச் சட்டையிலே அணியும் வட்டமே அச்சின்னம். பின்னர் வெள்ளிச் சின்னமும் வந்தது. ஐந்து மணிநேரம் பறத்தல், ஐம்பது கிலோமீற்றர் தூரம் செல்லல், ஆயிரம் மீற்றர் உயரம் ஏறல் என்னும் மூன்றையும் நிறைவேற்றியோர்க்கு அது வழங்கப்பட்டது. 1931ஆம் ஆண்டில் அதனை முதன்முதற் பெற்ற இருவர் வொல்ப் ஹிர்த், றொபேட் குறொன்பெல்ட் என்போர்.

எத்தனை ரூபா கட்டினாய், எத்தனை நாள் வகுப்புக்கு வந்தாய் என்று இப்படிகள் வினவவில்லை. என்ன செய்து காட்டினாய் என்றே வினவின. தகுதியை அளக்கும் இந்த முறை, பின்னாளில் அரசாங்கங்கள் வகுத்த அனுமதிப்பத்திர விதிகளிலும் ஊறி நிற்கின்றது.

இனி, மோட்டார் மீண்டும் கிளைடருக்குள் நுழைந்த கதையைக் காண்போம். ஜேர்மனியரின் செய்தி இங்கிலாந்தை எட்டியதும், டெயிலி மெயில் என்னும் பத்திரிகை ஆயிரம் பவுண் பரிசு அறிவித்தது. 1922ஆம் ஆண்டு ஒக்ரோபரில், தென் இங்கிலாந்திலுள்ள இற்போட் குன்றிலே நடந்த அப்போட்டியில் அலெக்சி மனெய்றோல் என்னும் பிரெஞ்சு வீரர் மூன்று மணி இருபத்தொரு நிமிடம் பறந்து பரிசை வென்றார். மக்கள் மகிழ்ந்தனர், ஆயின் ஒரு குறை தோன்றியது. குன்றும் காற்றும் வாய்க்காத இடத்திலே வாழ்பவன் என்ன செய்வான்? கிளைடருக்கு ஒரு சிற்றியந்திரத்தைப் பூட்டினால் ஏழையும் பறக்கலாமன்றோ என்ற எண்ணம் எழுந்தது.

அதன் பயனாக 1923ஆம் ஆண்டு ஒக்ரோபரில், கென்ற் பிரதேசத்து லிம்ப்னே என்னுமிடத்தில் மோட்டார்க் கிளைடர்ப் போட்டி நடைபெற்றது. மோட்டார்க் கிளைடர் எதுவென்று கூறவேண்டிய கடமை அன்று போட்டியை நடத்தியோருக்கு நேர்ந்தது. அவர்கள் எளிய வழியொன்றைக் கண்டனர். இயந்திரத்தின் கொள்ளளவு 750 கன சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்பதே அவர்களின் விதி. மோட்டார்ச் சைக்கிளின் இயந்திரத்தைப் போன்ற சிற்றியந்திரங்களோடு பல ஊர்திகள் வந்தன. ரென் எனப் பெயரிய குருவி போன்ற சிற்றூர்தியொன்றும், ஆனெக் என்னும் மற்றொன்றும், ஒரு கலன் பெற்றோலில் எண்பத்தேழரை மைல் பறந்து, சிக்கனத்துக்குரிய பரிசைச் சமமாகப் பங்கிட்டுக் கொண்டன.

ஆயின் அவ்விழா துயரத்தோடு கலந்தது. முந்திய ஆண்டிலே இயந்திரமின்றி மூன்று மணிநேரத்துக்கு மேல் பறந்து புகழெய்திய மனெய்றோல், இம்முறை இயந்திரம் பூட்டிய சிற்றூர்தியிலே பறக்கையில், அதன் இறக்கை முறிந்து வீழ்ந்து இறந்தார். இயந்திரம் சிறிதாயிருத்தல் மட்டும் பாதுகாப்பாகாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

இயந்திரத்தின் அளவைக் கொண்டு கிளைடரை வரையறுக்கும் முயற்சியும் நெடுநாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே லிம்ப்னேயில் 1,100 கன சென்ரிமீற்றர் வரை அனுமதித்து, இருவர் ஏறும் ஊர்திகளுக்குப் போட்டி வைத்தனர். இயந்திரம் சிறிது வளர்ந்தது. இறக்கை சிறிது குறுகியது. ஈற்றில் 1925ஆம் ஆண்டிலே மொத் என்னும் சிறிய விமானம் பிறந்து, பறக்கும் கழகங்களெங்கும் பரவியது. அது நல்ல விமானமே, எனினும் கிளைடரன்று. மோட்டார்க் கிளைடர் என்று தொடங்கியது விமானமாகவே முடிந்தது.

1930ஆம் ஆண்டுகளில் இரண்டு புதிய முயற்சிகள் தோன்றின. இன்றைய வகைப்பாட்டின் வித்து அவ்விரண்டிலுமே அடங்கியுள்ளது. இங்கிலாந்தில் லோவைல்ட் என்பவர், தாம் ஆக்கிய கிளைடரின் இறக்கைக்கு மேலே மோட்டார்ச் சைக்கிள் இயந்திரமொன்றை நிலையாகப் பொருத்தி, பிளனெற் எனப் பெயரிட்டார். 1933ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வூர்தியைச் செலுத்துகையில் அவர் விழுந்து மாண்டார். அவர் விட்ட பணியை ஏற்றவர், வெள்ளிச் சின்னம் பெற்ற அதே குறொன்பெல்ட். ஒஸ்திரிய நாட்டு யூதராகிய அவர், ஹிற்லரின் ஆட்சி தொடங்கியதும் ஜேர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்திருந்தார். பிளனெற்றைத் திருத்தி அவர் ஆக்கிய ட்றோன் என்னும் ஊர்தி, சிக்கனமாகப் பறக்க விரும்பியோருக்குப் பயன்பட்டது. இங்கே இயந்திரம் நிலையாக வெளியே நின்றது.

மற்றொரு முயற்சி 1935ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சேர் ஜோன் காடன் என்பவரும், பேய்ன்ஸ் என்னும் விமான அமைப்பாளரும் கூடி, ஸ்கட் என்னும் உயர்தரக் கிளைடரிலே 249 கன சென்ரிமீற்றர் இயந்திரமொன்றை அமைத்தனர். நிலத்திலிருந்து எழுவதற்கு மாத்திரம் அது உடலுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். வேண்டிய உயரம் எய்தியதும் உடலுக்குள் மடங்கி மறைந்துவிடும். அதன்பின் அவ்வூர்தி தூய கிளைடரே. இங்கே இயந்திரம் வேலை முடிந்ததும் ஒதுங்கி நிற்கும் ஏவலாளனாயிற்று. அதே ஆண்டு டிசெம்பரில் காடன் பயணிகள் விமான விபத்தொன்றில் இறந்தார். சில ஆண்டுகளில் போர் மூண்டது. அம்முயற்சி அவ்வளவில் நின்றது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், வரலாறு தன்னைத் தானே திருப்பிக் கூறியது. ஜேர்மனியில் மறுபடியும் பறத்தலுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டில் கிளைடருக்கு மாத்திரம் தடை நீங்கியது. இயந்திர விமானங்களுக்கு 1955ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆதலின் அந்நாட்டின் விமானக் கழகங்கள் மீண்டும் கிளைடர்க் கழகங்களாகவே எழுந்தன. அவற்றுக்கு ஓர் இடர் இருந்தது. கிளைடரை மேலே அனுப்புவதற்கு, வின்ச் எனப்படும் கயிறு சுற்றும் இயந்திரமோ, முன்சென்று இழுக்கும் விமானமோ வேண்டும். கயிறு பிடிக்கவும் இறக்கை தாங்கவும் ஆட்கள் வேண்டும். ஒரு மாணவன் பத்து நிமிடம் பறப்பதற்குப் பலர் நாள் முழுதும் வயலிலே நிற்கவேண்டியிருந்தது.

இவ்விடரைத் தீர்க்க வந்தவை இரண்டு ஊர்திகள். பிரான்சிலே றெனே பூர்னியே என்பவர் 1960ஆம் ஆண்டில், விமானமும் கிளைடரும் ஒன்றாகிய ஒற்றையிருக்கை ஊர்தியொன்றைப் பறக்கவிட்டார். ஜேர்மனியில் எகொன் ஷைபே என்பவர் 1963ஆம் ஆண்டில் பால்க்கே என்பதனை ஆக்கினார். அச்சொல்லுக்கு வல்லூறு என்பது பொருள். ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து, வொக்ஸ்வாகன் காரின் இயந்திரத்தை ஒத்த இயந்திரத்தால் தாமே மேலெழுந்து, மேலே சென்றதும் அதனை நிறுத்திவிட்டுக் கிளைடர்ப் பயிற்சி நடத்தலாம். இழுக்கும் விமானமும் வேண்டாம், கயிறும் வேண்டாம். ஐரோப்பியக் கழகங்கள் பலவற்றிலே இளைஞர் தலைமுறைகள் இவ்வூர்தியிலே பழகின. ஜேர்மனியில் தூய கிளைடர்கள் இலக்கங்களை மாத்திரம் பெயர்க்குறியாகக் கொள்ள, மோட்டார்க் கிளைடர்கள் ‘கே’ என்னும் எழுத்தில் தொடங்கும் தனிக்குறியைப் பெற்றன. பெயரேட்டிலே தனியிடம் கிடைத்துவிட்டது; இலக்கணம் கிடைக்க வேண்டியிருந்தது.

1923ஆம் ஆண்டிலே போல இயந்திரத்தின் அளவை நோக்காமல், ஊர்தியின் உடலமைப்பையே நோக்க வேண்டுமென அறிஞர் உணர்ந்தனர். ஐரோப்பிய நாடுகள் கூட்டாக வகுத்து 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட விதித்தொகுதி அதற்கோர் அழகிய கணக்கைத் தந்தது. ஊர்தியின் முழு நிறையைக் கிலோகிராமிற் குறித்துக்கொள்ளுக. ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரையுள்ள நீளத்தை மீற்றரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்குக. வந்த தொகையால் நிறையை வகுக்கக் கிடைக்கும் ஈவு மூன்றுக்கு மேற்படலாகாது. நிறை 850 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. இருக்கைகள் இரண்டுக்கு மேற்படலாகா. இவற்றுள் அடங்குவதே மோட்டார்க் கிளைடர்.

ஓர் உதாரணம் இதனை விளக்கும். பால்க்கேயின் இறக்கை நீளம் ஏறக்குறைய 15.3 மீற்றர். அதனை அதனாலேயே பெருக்க 234 வரும். அதன் வகையொன்றின் நிறையாகிய 610 கிலோகிராமை 234ஆல் வகுக்க 2.6 கிடைக்கின்றது, ஆகவே அது கிளைடர். பயிற்சிக்குப் பெயர்பெற்ற செஸ்னா 150 என்னும் சிறு விமானத்தை நோக்குவோம். அதன் இறக்கை நீளம் ஏறக்குறைய 10.2 மீற்றர், நிறை 726 கிலோகிராம், ஈவோ ஏறக்குறைய 7. ஆகவே அது விமானம். இக்கணக்கின் உட்பொருள் யாது? இறக்கை நீளத்துக்குப் பொருந்தாத பாரமுடைய ஊர்தி, இயந்திரம் நின்றதும் விரைவாகத் தாழும். நீண்ட இறக்கையும் குறைந்த பாரமும் உடையது மெல்லத் தாழ்ந்து, நெடுந்தூரம் சறுக்கிச் செல்லும். எனவே, ‘உன்னிடம் இயந்திரம் இருக்கிறதா?’ என்று சட்டம் கேட்கவில்லை. ‘இயந்திரம் நின்றபின் நீ என் செய்வாய்?’ என்றே கேட்கின்றது. அமெரிக்க விதியும் இதனையே வேறு சொற்களாற் கூறுகின்றது. தன் பறப்புக்கு இயந்திரத்தைத் தலையாய துணையாக நம்பாததே அங்கு கிளைடர்.

இவ்வாறு வரையறுக்கப்பட்ட மோட்டார்க் கிளைடர், இயந்திரம் செய்யும் தொழிலை ஒட்டி மூவகைப்படும். முதலாவது, தானே எழும் கிளைடர். இதன் இயந்திரம் நிலத்திலிருந்து ஊர்தியை மேலே தூக்கவல்லது. தூக்கியதும் பெரும்பாலும் உடலுக்குள் மடங்கும். 1935ஆம் ஆண்டின் ஸ்கட் இதன் முன்னோடி. இரண்டாவது, தாங்குமியந்திரக் கிளைடர். இதன் இயந்திரம் மிகச் சிறியது. நிலத்திலிருந்து எழ உதவாது. காற்றின் துணை இழந்து தாழ்கின்ற வேளையில், முன்பின் அறியாத வயலிலே இறங்காமல் வீடு திரும்ப மாத்திரம் அது உதவும். மூன்றாவது, உல்லாசப் பயண மோட்டார்க் கிளைடர். இதன் இயந்திரமும் சுழல்விசிறியும் மடங்குவதில்லை. விமானத்தைப் போலவே தானே எழுந்து நாடு கடந்தும் செல்லும். ட்றோனும் பால்க்கேயும் இவ்வினத்தைச் சார்ந்தவை.

இனி அனுமதிப்பத்திரத்தை நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இம்மூவகையும் கிளைடர் என்னும் ஒரே குடையின்கீழ் அடங்கும். அங்கு பதினான்கு வயதில் தனியே கிளைடர் செலுத்தத் தொடங்கலாம். பதினாறில் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெறலாம். புதிதாகப் பயில்வோர் குறைந்தது 10 மணிநேரமும் இருபது பறப்புக்களும் நிறைவேற்றுதல் வேண்டும். விமானம் செலுத்தி 40 மணிநேர அனுபவம் பெற்றவர்க்கு, கிளைடரில் 3 மணிநேரமும் பத்துத் தனிப்பறப்புக்களும் போதும். ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. 1997ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்த விதியின்படி, கிளைடரை மேலே கொண்டுசெல்லும் முறை ஒவ்வொன்றுக்கும் தனிப்பயிற்சி வேண்டும். தரையிலிருந்து கயிற்றால் இழுத்தல், விமானத்தால் இழுத்தல், தானே எழுதல் என அவை மூன்று. தானே எழும் முறையிலே பயிற்றுவித்த ஆசிரியர், மாணவரின் பறப்புக் குறிப்பேட்டில் அதனை எழுதி ஒப்பமிட்ட பின்னரே அவர் மோட்டார்க் கிளைடரை அவ்வாறு செலுத்தலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி சிறிது வேறானது. 2020ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கிளைடர் விமானி 15 மணிநேரப் பயிற்சியும், நாற்பத்தைந்து தடவை எழுந்து இறங்கிய அனுபவமும் பெறுதல் வேண்டும். தானே எழும் கிளைடரைச் செலுத்த விரும்புவோர், அம்முறையில் ஆசிரியரோடு ஐந்து தடவையும் தனியே ஐந்து தடவையும் எழுந்து பழகுதல் வேண்டும். உல்லாசப் பயண மோட்டார்க் கிளைடரோ தனி வகுப்பாகக் கருதப்படுகின்றது. அதற்கு மேலும் 6 மணிநேரப் பயிற்சியும், குறைந்தது 150 கிலோமீற்றர் தூரத் தனிப்பயணமும், பரீட்சகர் முன் செய்முறைப் பரீட்சையும் உண்டு. விமான அனுமதிப்பத்திரம் உடையவரும், இவ்வகுப்புக்குரிய பயிற்சியைப் பெற்று, அதனைத் தம் பத்திரத்திலே சேர்த்துக்கொள்ளலாம். விமான வீதியிலிருந்தும் கிளைடர் வீதியிலிருந்தும் வருவோர் சந்திக்கும் முச்சந்தியாக இவ்வகுப்பு அமைந்துள்ளது.

வைத்தியச் சான்றிதழ் பற்றியும் இரு கண்டங்களும் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் கிளைடர் விமானிக்கு, மோட்டார் பூண்டதாயினும், வைத்தியச் சான்றிதழ் கட்டாயமன்று. தம் உடல்நிலை பறத்தற்குத் தக்கதன்று என்று அறிந்தால் பறவாதிருக்க வேண்டிய பொறுப்பு அவருடையதே. ஐரோப்பாவிலோ சான்றிதழ் வேண்டும். எது நேரிது? முன்னர்க் கூறிய வொல்ப் ஹிர்த்தின் வாழ்க்கையிலேயே இருபக்க நியாயமும் உண்டு. இளமையில் மோட்டார்ச் சைக்கிள் விபத்தொன்றில் ஒரு காலை இழந்தவர் அவர். அந்நிலையிலேயே உலகப் புகழ்பெற்ற கிளைடர் வீரராயினார். உடற்குறையைக் காட்டி அவரைத் தடுத்திருந்தால் கிளைடர்க் கலை ஒரு மேதையை இழந்திருக்கும். அதே ஹிர்த், 1959ஆம் ஆண்டிலே பறந்துகொண்டிருக்கையில் மாரடைப்பால் இறந்தார். சுதந்திரமும் எச்சரிக்கையும் ஒரே மனிதனின் கதையில் இவ்வாறு எதிரெதிராக நிற்கின்றன.

கிளைடர் செலுத்தத் தெரிந்தவர்க்கு மோட்டாருக்கெனத் தனிப்பயிற்சி ஏன் என்ற ஐயம் சிலருக்கு எழலாம். இயந்திரமில்லாத கிளைடரின் விமானி, தாழத் தொடங்கியதும் இறங்குவதற்கேற்ற வெளியைத் தேடுகின்றார். அவருக்கு வேறு வழியில்லை. இயந்திரம் உள்ளவருக்கோ, ‘முடுக்கினாற் போதுமே’ என்ற எண்ணம் உள்ளத்தில் ஒளிந்திருக்கும். அவ்வெண்ணத்தால் அவர் மேலும் தாழ்வார், மேலும் தாமதிப்பார். ஈற்றில் இயந்திரத்தை வெளியே நிமிர்த்துகின்றபோது அது முடுங்காமற் போகலாம். அப்பொழுது காற்றுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் அவ்வியந்திரமே பெருந்தடையாகி, ஊர்தியை விரைந்து கீழே இழுக்கும். ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து நாற்பது கிலோமீற்றர் சறுக்கவல்ல ஊர்தியும், அந்நிலையிலே அதிற் பாதித் தூரந்தானும் செல்லாது. காப்பாற்ற வந்ததே கழுத்திற் கட்டிய கல்லாகிவிடும். ஆதலின் நல்லாசிரியர் முதலிற் கற்பிக்கும் பாடம் இதுவே: இறங்குவதற்குரிய வெளியை முன்னரே தெரிந்தெடுத்து, அதனை எட்டும் உயரம் இருக்கும்போதே இயந்திரத்தை வெளியே எடுத்தல் வேண்டும், அது முடுங்காது என்றே எண்ணிக் கொள்ளுதல் வேண்டும்.

மோட்டார்க் கிளைடர் விமான வரலாற்றுக்கு மற்றொரு கொடையும் அளித்துள்ளது. 1973ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள், ஒஸ்திரியாவின் வெல்ஸ் நகரில், பிரெட் மிலிற்கி என்பவர் மோட்டார்க் கிளைடரொன்றின் பெற்றோல் இயந்திரத்தை நீக்கி, மின்மோட்டாரையும் மின்கலங்களையும் அமைத்தார். மனிதனைச் சுமந்துகொண்டு மின்வலுவால் அவ்வூர்தி சில நிமிடம் பறந்தது. மின்விமான வரலாற்றின் முதலேடு அதுவே. பாரமான மின்கலங்களை அக்காலத்துச் சாதாரண விமானம் தாங்கியிராது. சிறிதளவு வலுவோடும் பறக்கவல்ல நீண்ட இறக்கையே அதனைச் சாத்தியமாக்கியது. இன்று மின்மோட்டார் பூண்ட கிளைடர்கள் பல நாடுகளில் ஓசையின்றி எழுகின்றன. மோட்டார் மாறினும் அனுமதிப்பத்திரத்தின் அடிப்படை வினா மாறவில்லை.

இந்த வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இயந்திரம் மறுக்கப்பட்டமையாற் கிளைடர்க் கலை மலர்ந்தது. இயந்திரம் மீண்டு வந்தபோது அக்கலை அழிந்துவிடவில்லை. இயந்திரத்தைத் தலைவனாகக் கொள்ளாமல் ஏவலாளனாக வைத்துக்கொள்ளும் வகையிலே அறிஞர் வரையறை செய்தனர். அனுமதிப்பத்திரம் என்பது அரசாங்கம் தரும் கடதாசித் துண்டு மாத்திரமன்று. மனெய்றோலும் லோவைல்டும் போன்றோர் தம் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடங்கள், மணிக்கணக்காகவும் பறப்புக்களின் எண்ணிக்கையாகவும் அதிலே உறைந்து கிடக்கின்றன. ஆசிரியர் ஒருவர் மாணவனின் குறிப்பேட்டில் ஒப்பமிடும்போது, இயந்திரத்தை முடுக்கத் தெரிந்தவன் என்று மாத்திரம் சான்று கூறவில்லை. அது நின்றுவிட்டாலும் நிலைகலங்காது, காற்றையும் தன் கைத்திறனையும் நம்பி, குறித்த வெளியிலே மெல்ல வந்து இறங்குவான் என்றே சான்று கூறுகின்றார்.